ஜீப் வண்டியின் முகப்பு மானிகளும் துணைப்பொருள்களும்: ஒரு வரலாறு

கரடுமுரடான பாதைகளில் ஓடும் ஜீப் வகை வண்டிகளில் ஓட்டுநரின் கண்ணெதிரே அமைந்துள்ள பலகை முகப்புப் பலகை அல்லது டேஷ்போர்டு எனப்படுகிறது. வேகம், எரிபொருள் இருப்பு, எஞ்சினின் சூடு, எண்ணெய் அழுத்தம், மின்னேற்றம் ஆகியவற்றைக் காட்டும் மானிகள் இதில் பதிக்கப்பட்டிருக்கும். தமிழகத்து ஓட்டுநர்கள் இவற்றை 'மீட்டர்' என்றும் 'முள்' என்றும் அழைப்பர். 'ஹீட் முள் ஏறுது' என்றால் எஞ்சின் சூடாகிறது என்று பொருள். தொழிற்சாலையில் பொருத்தி வந்த மானிகளோடு நின்றுவிடாமல், வண்டி உரிமையாளர்கள் கூடுதல் மானிகளையும் விளக்குகள், சாய்வுமானி, திசைகாட்டி, கூரைச் சட்டம் முதலிய துணைப்பொருள்களையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

இவ்வழக்கத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மானி என்பது கேடு நேர்வதற்கு முன்பே கிடைக்கும் செய்தி. பணிமனையோ ஆள் நடமாட்டமோ இல்லாத மலைப்பாதையில் அச்செய்தி வண்டியையும் அதில் இருப்போரையும் காக்கிறது. ஆனால் சேர்க்கப்படும் ஒவ்வொரு பொருளும் எடை, மின்சுமை, தீ ஆபத்து, சட்டப் பொறுப்பு ஆகியவற்றையும் கூடவே கொண்டுவருகிறது. எதைச் சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது என்ற கேள்விக்கு ஜீப்பின் எண்பதாண்டு வரலாற்றில் விடை கிடைக்கிறது.

முகப்புப் பலகையின் தோற்றம்

டேஷ்போர்டு என்ற சொல் மோட்டார் வண்டிக்கு முற்பட்டது. குதிரை வண்டியில், குதிரையின் குளம்படியிலிருந்து தெறிக்கும் சேறு வண்டியோட்டி மீது படாமல் தடுக்க முன்புறம் ஒரு மரப்பலகையோ தோல் தட்டியோ வைத்தனர். அதுவே டேஷ்போர்டு. எஞ்சின் வந்து குதிரை போனபின்பும் பலகையும் பெயரும் நிலைத்தன. எஞ்சினைக் கண்காணிக்கும் கருவிகளைப் பொருத்த அப்பலகை வசதியான இடமாயிற்று.

கருவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையிலிருந்து வந்தன. பாரிஸ் நகரைச் சேர்ந்த யூஜின் போர்டான் 1849-இல் ஓர் அழுத்தமானிக்குக் காப்புரிமை பெற்றார். வளைந்த உலோகக் குழாய்க்குள் அழுத்தம் கூடும்போது அது சற்றே நிமிர்கிறது. அந்த அசைவு பற்சக்கரம் வழியாக ஒரு முள்ளைத் திருப்புகிறது. நீராவிக் கொதிகலன்களுக்குப் பயன்பட்ட இந்த எளிய அமைப்பே பின்னர் மோட்டார் வண்டியின் எண்ணெய் அழுத்தமானியாயிற்று. 1902-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் ஓட்டோ சூல்ட்சே சுழலும் காந்தத்தைக் கொண்டு வேகத்தைக் காட்டும் மானிக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தின் சுழற்சி ஒரு கம்பிவடம் வழியாக காந்தத்தைச் சுழற்றும். காந்தம் அருகிலுள்ள உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். கிண்ணத்தோடு முள் நகரும். மின்னணு வேகமானி வரும்வரை உலகெங்கும் இந்த முறையே இருந்தது.

சூட்டை அளப்பதற்கு முதலில் முகப்புப் பலகையில் இடமில்லை. 1912-இல் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் காப்புரிமை பெற்ற 'மோட்டோமீட்டர்' ரேடியேட்டர் மூடியின் மேல் நின்ற ஒரு வெப்பமானி. ஓட்டுநர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். தொழிற்சாலை பொருத்தாமல், உரிமையாளர் தனியே வாங்கிப் பொருத்திய மானிகளில் பெரும்புகழ் பெற்ற முதல் கருவி இதுவே எனலாம். கூடுதல் மானி பொருத்தும் வழக்கம் அலங்காரத்தில் பிறக்கவில்லை, எஞ்சின் கொதித்துவிடுமோ என்ற அச்சத்தில் பிறந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

போர்க்கால ஜீப்பும் ஐந்து மானிகளும்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைக்கு நான்கு சக்கரங்களும் இயங்கும் இலகுவான வண்டி தேவைப்பட்டது. பேண்டம் நிறுவனம் தன் மாதிரி வண்டியை 1940 செப்டம்பர் 23 அன்று ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன.

கதவும் இல்லாத அந்த வண்டியில் வசதி என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் முகப்புப் பலகையில் ஐந்து மானிகள் இருந்தன. நடுவில் மணிக்கு 60 மைல் வரை காட்டும் வேகமானி. அதைச் சுற்றி எரிபொருள், எண்ணெய் அழுத்தம், நீரின் சூடு, மின்னோட்டம் ஆகியவற்றுக்கான நான்கு சிறு மானிகள். இவற்றோடு, கியர் மாற்றும் முறையையும் ஒவ்வொரு கியரிலும் போகக்கூடிய உச்ச வேகத்தையும் பொறித்த உலோகத் தகடுகளும் பலகையில் பதிக்கப்பட்டிருந்தன.

சிக்கனமே குறிக்கோளாக இருந்த வண்டியில் ஐந்து மானிகளுக்குச் செலவு செய்ததற்குக் காரணம் உண்டு. ஜீப்பை ஓட்டியவர்களில் பலர் புதிதாகப் பயிற்சி பெற்ற இளைஞர்கள். வண்டி பாலைவனத்திலும் காட்டிலும் பணிமனைக்கு வெகுதொலைவில் ஓடியது. எஞ்சின் பழுதானபின் அறிவதைவிட, பழுதாகும் முன் அறிவதே படைக்கு வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கு வந்த ஜீப்

போரின்போது இந்தியா வழியாகவும் பர்மா முனையிலும் ஏராளமான ஜீப்புகள் ஓடின. போருக்குப் பின் எஞ்சிய வண்டிகள் பல தனியார் கைகளுக்கு வந்தன. 1945-இல் தொடங்கப்பட்டு 1948-இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், 1947-இல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை முதல் தொகுதியாக 75 வண்டிகளுக்கு இறக்குமதி செய்தது. பின்னர் பம்பாய் மசகாவில் வண்டிகள் கட்டப்பட்டன. படிப்படியாக உள்நாட்டுப் பாகங்கள் சேர்ந்து, ஜீப் இந்திய வண்டியாயிற்று.

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் அடையாளமாகவே ஜீப் மாறிவிட்டது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் அமைப்பு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஜீப்புகளை வழங்கியது. தார்ச்சாலை எட்டாத கிராமங்களுக்குத் தடுப்பூசியும் விதையும் அலுவலரும் தேர்தல் பெட்டியும் சென்று சேர்ந்தது பெரும்பாலும் இவ்வண்டிகளில்தான்.

அக்காலத்து அரசு ஜீப் ஓட்டுநருக்கு முகப்புப் பலகை ஒரு பாடப்புத்தகம் போன்றது. சாவி போட்டதும் எண்ணெய் முள் எழுகிறதா, வண்டி நகர்ந்ததும் அம்மீட்டர் முள் 'சார்ஜ்' பக்கம் சாய்கிறதா என்று பார்த்த பிறகே வேகம் எடுப்பது பழகிய ஓட்டுநரின் இயல்பு. 1956-இல் மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் வந்தபின் வேகமானியில் மைலுக்குப் பதிலாகக் கிலோமீட்டர் இடம்பெறத் தொடங்கியது. பழைய வண்டியில் மைல் மானியை வைத்துக்கொண்டே, மனக்கணக்காக 8-க்கு 5 என்று மாற்றிக்கொண்டு ஓட்டியவர்களும் இருந்தனர்.

1979-இல் மகிந்திரா நிறுவனம் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடமிருந்து டீசல் எஞ்சின் தயாரிக்கும் உரிமம் பெற்றது. டீசல் ஜீப் பரவியபோது மானிகளிலும் மாற்றம் தேவைப்பட்டது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறித் துடிப்பை எண்ணி எஞ்சின் சுழற்சியைக் காட்டலாம். டீசலில் தீப்பொறி இல்லாததால் ஆல்டர்னேட்டரில் இருந்து வரும் துடிப்பைக் கொண்டு சுழற்சிமானியை இயக்க வேண்டியதாயிற்று. இன்றும் பழைய டீசல் ஜீப்பில் சுழற்சிமானி பொருத்துவோர் முதலில் தேடுவது ஆல்டர்னேட்டரில் அதற்கான முனை இருக்கிறதா என்பதைத்தான்.

தமிழகத்தில் மானித் தொழில்

வண்டியின் மின்கருவிகளையும் மானிகளையும் செய்வதில் தமிழகத்துக்குச் சிறப்பிடம் உண்டு. 1961-இல் உருவான லூகாஸ் டி.வி.எஸ் நிறுவனம் சென்னை பாடியில் டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், பின்னர் ஆல்டர்னேட்டர் முதலியவற்றைத் தயாரித்தது. 1970-களில் கோயம்புத்தூரில் தோன்றிய பிரீமியர் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ், சுருக்கமாகப் பிரிக்கால், வேகமானியும் பிற முகப்பு மானிகளும் செய்யும் நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. இறக்குமதியை நம்பியிருந்த ஒரு துல்லியத் தொழில் இவ்வாறு உள்ளூரில் வேரூன்றியது.

இதன் பயன் சிறுநகரங்களுக்கும் கிடைத்தது. உணரி கெட்டால் அதை மாற்றிக்கொள்ளலாம்; முள் நின்றால் மானியைக் கழற்றிப் புதியது போடலாம். பழைய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகள் இருந்தன. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை என்ற தனித்தொழிலே தமிழகத்து ஊர்களில் நிலைபெற்றது. கூடுதல் மானி பொருத்தும் வேலையும் பெரும்பாலும் இக்கடைகளில்தான் நடந்தது.

முள்ளும் விளக்கும்

1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் மானிகளுக்குப் பதிலாக எச்சரிக்கை விளக்கைப் பயன்படுத்தத் தொடங்கியது. செலவு குறைவு, கவனிப்பதும் எளிது. பின்வந்த பல வண்டிகள் இதே வழியைப் பின்பற்றின. இந்தியாவில் 1985 டிசம்பரில் அறிமுகமான மாருதி ஜிப்சியில் எரிபொருளுக்கும் சூட்டுக்கும் முள் இருந்தது. எண்ணெய் அழுத்தத்துக்கு விளக்கு மட்டுமே.

முள்ளுக்கும் விளக்குக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. எண்ணெய் விளக்கு பெரும்பாலும் அழுத்தம் ஏறத்தாழ அரை பார் அளவுக்குக் கீழே இறங்கிய பிறகே எரியும். அதாவது நாலு பார் இருந்த அழுத்தம் இரண்டாகி, ஒன்றாகிக் குறைந்து வந்த கதையை அது சொல்லாது. முடிவை மட்டும் சொல்லும். முள்ளோ இறங்குவதைக் காட்டிக்கொண்டே இருக்கும். நாள்தோறும் பார்த்துப் பழகியவர், 'வழக்கமாக நிற்கும் இடத்தில் இன்று முள் நிற்கவில்லை' என்பதைக்கொண்டே கோளாற்றைக் கண்டுபிடிப்பார்.

புதிய வண்டிகளில் முள் இருந்தாலும் அது உண்மையை அப்படியே சொல்வதில்லை. பல வண்டிகளில் சூட்டு முள், ஏறத்தாழ 80 முதல் 105 பாகை வரையான வீச்சு முழுவதிலும் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்படுகிறது. சிறு ஏற்ற இறக்கத்தைக் கண்டு ஓட்டுநர் கலவரப்படக் கூடாது என்பது இதன் நோக்கம். நகரச் சாலைக்கு இது பொருந்தும். மலையில், முள் நடுவை விட்டு அசையும்போது காலம் கடந்திருக்கும். தொழிற்சாலை மானி இருந்தும் தனி மானி ஒன்றைச் சேர்ப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு பாடம்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தைச் சேர்ந்த அரும்பாவூர், பச்சைமலை அடிவாரப் பகுதியில் அமைந்த ஊர். மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்றது, அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் வாகனங்களும் தேர்களும் இவ்வூர்க் கைவினைஞர்களின் பணிகளில் அடங்கும். வண்டியில் பின்னாளில் பாகம் சேர்ப்பது என்ற கேள்வி தேருக்கும் உண்டு. மரச்சக்கரமும் முட்டுக்கட்டையும் கொண்டு ஓடிய பெருந்தேர்கள் பலவற்றுக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் செய்து தந்தது. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தப்பட்டது. தேரின் அழகைக் கூட்டுவதற்காக அல்ல, அதன் ஓட்டத்தைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே இவை சேர்க்கப்பட்டன. ஜீப்பில் சேர்க்கும் பொருளுக்கும் இதே உரைகல் பொருந்தும்.

பெரம்பலூர்ப் பகுதிச் சமவெளியில் ஓடும் வண்டிக்கும் பச்சைமலை ஏறும் வண்டிக்கும் எஞ்சின் ஒன்றே, உழைப்பு வேறு. பச்சைமலை 500 முதல் 1,000 மீட்டர் வரை உயரம் உடையது. ஏற்றத்தில் வண்டி தாழ்ந்த கியரில் மெதுவாகச் செல்லும். எஞ்சின் முழு வலுவோடு உழைத்து அதிகச் சூட்டை உண்டாக்கும். ஆனால் வேகம் குறைவாக இருப்பதால் ரேடியேட்டர் வழியே புகும் காற்று குறையும். சித்திரை, வைகாசி வெயிலும் சேர்ந்தால் சூட்டு முள் ஏறுவது இயல்பு.

உயரம் கூடக் கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பது பள்ளிப் பாடம். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர் 1,000 மீட்டரில் ஏறத்தாழ 97 பாகையிலும், 2,000 மீட்டரில் ஏறத்தாழ 93 பாகையிலும் கொதிக்கும். ரேடியேட்டரின் அழுத்த மூடி இக்குறையை ஈடுசெய்து கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தேனி மாவட்டத்தில் 2,000 மீட்டருக்கும் மேல் அமைந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் செல்ல வேண்டும். கல்லும் பள்ளமுமான அப்பாதை, இக்கணக்கு ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல என்பதை நாள்தோறும் காட்டுகிறது.

சூட்டு மானியில் ஒரு பொறியும் உண்டு. அதன் உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். குழாய் வெடித்து நீர் முழுதும் வெளியேறிவிட்டால் உணரியைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றுமே இருக்கும்; முள் ஏறுவதற்குப் பதில் இறங்கக்கூடும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்க, மானி குளிர்ச்சி என்று சொல்லும். எனவே முள் திடீரென்று ஏறுவது மட்டுமல்ல, காரணமின்றித் திடீரென்று இறங்குவதும் எச்சரிக்கையே.

கூடுதல் மானிகள்

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளில் பின்வரும் மானிகள் அதிகம் சேர்க்கப்படுகின்றன.

எண்ணெய் அழுத்தமானி: செங்குத்தான சரிவில் வண்டி நிற்கும்போது எஞ்சினின் அடித்தட்டில் உள்ள எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்தால் அழுத்தம் விழும். முள் உடனே காட்டும். பழைய முறையில் எண்ணெயே மெல்லிய செப்புக்குழாய் வழியாக மானிக்கு வரும். அதிர்வில் குழாய் வெடித்தால் சுடு எண்ணெய் ஓட்டுநரின் காலில் கொட்டும். மின்உணரி கொண்ட மானியில் இந்த ஆபத்து இல்லை.

அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும்: பேட்டரிக்கு மின்சாரம் போகிறதா, அதிலிருந்து வெளியேறுகிறதா என்பதை அம்மீட்டர் காட்டும். அதற்கு வண்டியின் மின்னோட்டம் பெரும்பாலும் அதன் வழியாகவே செல்ல வேண்டும். தடித்த மின்கம்பி முகப்புப் பலகையின் பின்னால் வந்து திரும்பும். கம்பியின் உறை தேய்ந்து இரும்பில் பட்டால் தீப்பற்றும். டைனமோ இருந்த காலத்தில் மின்னோட்டம் குறைவு. ஆல்டர்னேட்டர் வந்தபின் கூடியது. அதனால் அம்மீட்டர் மெல்ல மறைந்து, அதன் இடத்தை வோல்ட்மீட்டர் பிடித்தது. வோல்ட்மீட்டருக்கு மெல்லிய கம்பியும் சிறு ஃபியூஸும் போதும். 12 வோல்ட் வண்டியில் எஞ்சின் ஓடும்போது முள் ஏறத்தாழ 14-இல் நின்றால் மின்னேற்றம் சரியாக நடக்கிறது என்று கொள்ளலாம்.

சாய்வுமானி: வண்டி பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்துள்ளது, முன்பின்னாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும். 1980-களில் மிட்சுபிஷி பஜேரோ இதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. உலகெங்கும் இதற்கு மதிப்பு கூடியது.

உயரமானியும் திசைகாட்டியும்: காற்றழுத்தம் குறைவதைக் கொண்டு உயரத்தைக் காட்டும் மானியும், கண்ணாடியில் ஒட்டும் திசைகாட்டியும் கைப்பேசி வருமுன் பெரிதும் விரும்பப்பட்டன. இரும்பு உடல் கொண்ட வண்டியில் திசைகாட்டி பிழையாகக் காட்டும். அதைத் திருத்தி அமைத்த பின்பே நம்ப வேண்டும்.

தூரமானி: சக்கரச் சுழற்சியைத் துல்லியமாக எண்ணும் கருவி. 1980-இல் தொடங்கிய இமாலயன் ராலி போன்ற பந்தயங்களில் துணை ஓட்டுநர் இதைப் பார்த்தே வழி சொல்வார். பெரிய டயர் மாற்றிய வண்டியில் தூரமானியும் வேகமானியும் குறைத்துக் காட்டும் என்பதையும் இதனோடு நினைவில் கொள்ள வேண்டும். டயரின் சுற்றளவு 10 விழுக்காடு கூடினால், முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 66 ஆகிவிடும்.

எடையும் சாய்வும்

சேர்க்கும் பொருளின் எடை எங்கே அமைகிறது என்பது முக்கியம். ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் அகலமும், தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள ஒரு வண்டியைக் கொள்வோம். அகலத்தின் பாதி 0.6, உயரமும் 0.6. எனவே வண்டி 45 பாகை சாயும் வரை கவிழாது. கூரைச் சட்டம், அதன்மேல் உதிரிச் சக்கரம், டீசல் கேன் என ஏற்றி ஈர்ப்பு மையம் 0.75 மீட்டருக்கு உயர்ந்தால், கவிழும் கோணம் 39 பாகைக்குச் சற்றுக் குறைவாகிவிடும். ஸ்பிரிங் சாய்வதையும் வண்டி ஓடும்போது உண்டாகும் வீச்சையும் இக்கணக்கு சேர்க்கவில்லை. உண்மையில் இதைவிட முன்னதாகவே கவிழும்.

கூரையில் பாரம் ஏற்றிவிட்டு முகப்பில் சாய்வுமானி பொருத்துவதால் பாதுகாப்பு கூடிவிடாது. மானி சாய்வை மட்டுமே சொல்லும். எந்தச் சாய்வில் வண்டி கவிழும் என்பது, அதன்மேல் ஏற்றியதைப் பொறுத்தது.

மின்சுமை

துணைப்பொருள்களில் பெரும்பாலானவை மின்சாரத்தை உண்பவை. 55 வாட் விளக்கு இரண்டு சேர்த்தால் 110 வாட். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர். இதை முகப்பிலுள்ள சிறு சுவிட்ச் வழியாகவே செலுத்தினால் சுவிட்ச் சூடாகி உருகும். நல்ல எலக்ட்ரீஷியன் ரிலே ஒன்றை எஞ்சின் பகுதியில் வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த கம்பி இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுவார். சுவிட்ச் ரிலேவை மட்டும் இயக்கும். கம்பி இரும்புச் சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் இட வேண்டும். இல்லையேல் அதிர்வில் உறை அறுபடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதற்குப் பதில் கம்பியைச் சுற்றி வைப்பது, தீயைத் தடுக்கும் ஒரே காவலை நீக்குவதாகும்.

சட்டத்தின் எல்லை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டி மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை விலக்கி, இவ்விதியை வலியுறுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இதற்கு முன், 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டியின் முன்புறம் பொருத்தப்படும் 'புல் பார்' என்ற இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மோதலில் நடந்து செல்வோருக்குக் கடுங்காயம் உண்டாக்குவதும், வண்டிக்குள் இருப்போருக்கு ஆபத்தைக் கூட்டுவதும் இதற்குக் காரணங்கள்.

முகப்புப் பலகையில் ஒரு வோல்ட்மீட்டரைச் சேர்ப்பது எஞ்சின், இருக்கை எண்ணிக்கை, உடலமைப்பு போன்ற பதிவு விவரங்களைத் தொடுவதில்லை. இரும்புத் தடுப்பு, எஞ்சின் மாற்றம், சேசிஸ் வெட்டுதல் ஆகியவற்றின் நிலை வேறு. ஐயமிருந்தால் வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. கூடுதல் மின்பொருள்களுக்குக் காப்பீடு வேண்டுமாயின் அவற்றின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

மின்னணுக் காலம்

2010 ஏப்ரலுக்குப் பின் பாரத் நிலை 4 விதிகளோடு, எஞ்சின் தன் கோளாறுகளைத் தானே பதிவுசெய்யும் ஓ.பி.டி. என்ற அமைப்பு இந்திய வண்டிகளில் பரவியது. முகப்புப் பலகையின் கீழே உள்ள 16 முனைச் செருகியில் ஒரு சிறு கருவியைச் செருகினால், நீரின் சூடு, எஞ்சின் சுழற்சி, பேட்டரி வோல்ட் முதலியவற்றைக் கைப்பேசித் திரையிலேயே எண்ணாகக் காணலாம். துளையிடவோ கம்பி வெட்டவோ தேவையில்லை. நடுவிலேயே நிற்கும் சூட்டு முள் மறைத்த உண்மையை இது வெளிக்காட்டுகிறது. ஆயினும் வண்டியின் கணினி அளக்காத ஒன்றை இதனால் காட்ட இயலாது. எண்ணெய் அழுத்தத்துக்கு விளக்கு மட்டும் உள்ள வண்டியில் இன்றும் தனி உணரியும் தனி மானியும் தேவை.

2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை மகிந்திரா தார், சாய்வையும் திசையையும் காட்டும் திரையைத் தொழிற்சாலையிலேயே பெற்றது. ஒருகாலத்தில் பட்டறையில் சேர்த்தவை இன்று வண்டியோடு வருகின்றன. இன்னொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பையும், 2021-இல் முன்பயணி பக்கக் காற்றுப்பையும் கட்டாயமாயின. பயணியின் எதிரே டேஷ்போர்டுக்குள் காற்றுப்பை மடிந்திருக்கிறது. அம்மூடியின் மேல் மானியோ, கைப்பேசித் தாங்கியோ, சாமி சிலையோ ஒட்டினால், மோதலின்போது அது எறிபடைபோல் பயணியின் முகத்தில் பாயும். பழைய ஜீப்பில் எங்கு வேண்டுமானாலும் துளையிடலாம் என்றிருந்த பலகை இப்போது உயிர்காக்கும் கருவியின் உறையாகிவிட்டது.

1941-இன் ஜீப்பில் இருந்த ஐந்து மானிகளின் பணி இன்றும் மாறவில்லை: ஓட்டுநர் பார்க்க முடியாத இடத்தில் நடப்பதை அவருக்கு உரிய நேரத்தில் சொல்வது. அப்பணியைச் செய்யும் பொருள் சிறியதாயினும் சேர்க்கத் தக்கது. அதற்குத் தடையாக வரும் பொருள் எவ்வளவு பகட்டாயினும் தவிர்க்கத் தக்கது. மலையேறும் முன் நீரும் எண்ணெயும் பார்த்து, ஏறும்போது முள்ளைக் கவனித்து, முள் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஆறவிடும் பழக்கம் இல்லையேல் எத்தனை மானி இருந்தும் பயனில்லை.